அப்பாவைப் பார்க்கப் போனபோது விசா போனது

2018 ஜூலையில் ஒரு புதன்கிழமை இரவு பதினொரு மணிக்கு விருதுநகரிலிருந்து அண்ணன் அழைத்தான். "அப்பாவுக்குப் பேச்சு வரவில்லை. நீ உடனே கிளம்பி வந்துவிடு" என்றான். பாங்காக்கில் நான் ஆசிரியர் வேலைக்குச் சேர்ந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. பாஸ்போர்ட்டில் 2019 மே வரை தங்கலாம் என்ற முத்திரை இருந்தது. பணி அனுமதிப் புத்தகமும் செல்லுபடியாக இருந்தது. இரண்டையும் கைப்பையில் போட்டுக்கொண்டு அடுத்த விமானத்தைப் பிடித்தேன்.

அப்பா நான்கு நாள் இருந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் சென்னை வழியாகத் திரும்பினேன். சுவர்ணபூமி விமான நிலையத்தில் விடியற்காலை வரிசை நீளமாக இருந்தது. என் முறை வந்ததும் அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டினார். கடைசிப் பக்கம் வரை போனார். மறுபடியும் முதலிலிருந்து, விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். 2019 மே முத்திரை இருந்த பக்கத்தில் விரலை வைத்து, "ரீ-என்ட்ரி?" என்று கேட்டார். அவர் கேட்டது எனக்குப் புரியவில்லை. பக்கத்து அறைக்கு அழைத்துப் போய் இன்னோர் அதிகாரி மெதுவாக விளக்கினார். நான் ஜூலையில் நாட்டைவிட்டு வெளியேறிய அந்த நிமிடமே என் அனுமதி முடிந்துவிட்டது. மறுநுழைவு அனுமதி என்ற தனி முத்திரை இல்லாமல் போனால், ஓராண்டு அனுமதியாக இருந்தாலும் அது வாசலோடு செத்துவிடும்.

இதை எழுதக் காரணம் அந்த ஒரு நாள்தான். அதற்குப் பிறகு ஏழெட்டுப் பேருக்காவது நேரில் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் ஆண்டுக்கு ஒருவராவது, அதுவும் பெரும்பாலும் வீட்டில் சாவோ நோயோ நேர்ந்த வேளையில், இதே கண்ணியில் மாட்டுகிறார்கள். அவசரமாக ஓடுகிறவர்களுக்குத்தான் இது நடக்கிறது. நிதானமாக விடுமுறைக்குப் போகிறவர்கள் யாரையாவது கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அப்போது இந்தியர்களுக்கு இருந்த வழி, வந்திறங்கியதும் 2,000 பாட் கட்டி வாங்கும் 15 நாள் விசா. அதற்குத் திரும்பும் டிக்கெட் காட்ட வேண்டும். அங்கேயே நின்றபடி போனில் வாங்கினேன். அந்த விசாவில் வேலை செய்யக் கூடாது. பதினைந்து நாளுக்குள் பள்ளியிலிருந்து புதுக் கடிதங்கள் வாங்கி, சென்னைக்குத் திரும்பப் பறந்து, அங்குள்ள தாய்லாந்துத் துணைத் தூதரகத்தில் வேலை விசாவுக்கு முதலிலிருந்து விண்ணப்பித்தேன். பணி அனுமதியையும் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. வகுப்பறைக்குள் மீண்டும் நுழையும்போது ஐந்து வாரம் கழிந்திருந்தது. விமானம், கட்டணம், பிடித்த சம்பளம் எல்லாம் சேர்த்து என் இரண்டு மாத வருமானத்துக்கு மேல் போயிற்று. ஒருமுறை வெளியே போய்வரும் மறுநுழைவு அனுமதியின் கட்டணம் 1,000 பாட். எத்தனை முறை வேண்டுமானாலும் போய்வர 3,800 பாட். அதைவிட மனத்தை உறுத்தியது, குடியேற்றச் சோதனை நடக்கும் இடத்துக்கு அருகிலேயே, விமான நிலையத்திலேயே, அந்த அனுமதியைத் தரும் கவுண்ட்டர் ஒன்று இருந்ததுதான். அன்று இரவு கண்ணீரோடு அதைக் கடந்துதான் போயிருக்கிறேன்.

யார் தவறு என்று பல நாள் யோசித்திருக்கிறேன். அந்த ஆண்டு மார்ச்சிலேயே பள்ளி அலுவலகத்தில் கேட்டிருந்தேன்: "எனக்கு ஓராண்டு விசா இருக்கிறது அல்லவா, ஊருக்குப் போய் வரலாம், சரிதானே?" அலுவலகத்தில் இருந்தவர் சிரித்த முகத்தோடு "டாய், டாய்" என்றார். "முடியும், முடியும்" என்று பொருள். அவர் என்னை ஏமாற்ற நினைக்கவில்லை. தாய்லாந்துக்காரர்களிடம் "க்ரெங் ஜாய்" என்று ஒரு குணம் உண்டு. எதிரில் இருப்பவர் மனம் நோகக் கூடாது, அவருக்குச் சங்கடம் தரக் கூடாது என்ற கூச்சம் அது. நம்மூரிலும் பெரியவர்கள் முன்னால் இப்படித்தான் பட்டும் படாமலும் பேசுவோம். நான் பதிலையும் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்டேன். அவர் அந்தப் பதிலையே மரியாதையோடு எனக்குத் திருப்பிக் கொடுத்தார்.

அதன்பின் நான் இந்த நாட்டில் யாரிடமும் "சரிதானே?" என்று கேட்பதில்லை. பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "நான் திரும்பி வர எந்த முத்திரை வேண்டும்? அது இதில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? எந்தத் தேதி வரை?" என்று கேட்கிறேன். இப்படிக் கேட்டால் தெரிந்தவர் காட்டுவார். தெரியாதவர் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிடுவார். வாடகை வீட்டிலும் மருத்துவமனையிலும் வங்கியிலும் இப்படிக் கேட்டதுதான் என்னைக் காப்பாற்றியிருக்கிறது. பத்தாண்டில் நான் கற்றதில் எனக்கு மிகவும் உதவியது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

முத்திரைகள் பற்றி இன்னும் கொஞ்சம். தங்கும் அனுமதியை ஆண்டுதோறும் நீட்டிக்க 1,900 பாட். நீட்டிக்கும் அதே நாளில், அதே கட்டடத்தில், மறுநுழைவு அனுமதியையும் வாங்கிவிட்டுத்தான் வீடு திரும்ப வேண்டும். பாங்காக்கில் அது சேங் வத்தனா சாலையில் உள்ள அரசு அலுவலக வளாகம். முன்பு ஆன் நுட்டிலிருந்து மோ சிட் வரை ரயிலில் போய், பிறகு டாக்சியில் நெரிசலுக்குள் ஊர்ந்து போவேன். அரை நாள் அதிலேயே போய்விடும். இப்போது இளஞ்சிவப்புத் தடத்தின் ரயில் வளாகத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. காலையில் அலுவலகம் திறக்கும் முன்பே போய் நிற்பது நல்லது.

90 நாளுக்கு ஒருமுறை இருப்பிடத்தைத் தெரிவிப்பது வேறு, விசா நீட்டிப்பு வேறு. புதிதாக வருகிறவர்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். 90 நாள் அறிவிப்புக்குக் கட்டணம் கிடையாது. கெடுவுக்கு 15 நாள் முன்பிருந்து 7 நாள் பின்பு வரை நேரில் கொடுக்கலாம். மறந்தால் 2,000 பாட் அபராதம். இடையில் நாட்டைவிட்டுப் போய்வந்தால், வந்த நாளிலிருந்து எண்ணிக்கை மறுபடி தொடங்கும். இதைக் கொடுத்துவிட்டதால் தங்கும் அனுமதி நீண்டுவிட்டது என்று நம்பிக் கெடு தாண்டிய ஒருவரை எனக்குத் தெரியும். தங்கும் கெடு தாண்டினால் நாளொன்றுக்கு 500 பாட், அதிகபட்சம் 20,000. அப்படித் தாண்டியது 90 நாளுக்கு மேல் போனால் பணத்தோடு முடியாது, திரும்பி வரவே தடை விதிப்பார்கள்.

இன்னொன்று: வீட்டுக்காரர், தன் வீட்டில் வெளிநாட்டவர் தங்கியிருப்பதை 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அது அவருடைய கடமை. ஆனால் அவர் செய்யாமல் விட்டால் நம்முடைய நீட்டிப்புதான் கவுண்ட்டரில் நின்றுபோகும். அதனால் முன்பணம் கொடுக்கும் முன்பே இதைப் பேசிவிடுகிறேன். தெரிவித்ததற்கான ரசீதின் நகலைத் தர மனமில்லாத வீட்டுக்காரரின் வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

வேலையை விடுகிறவர்கள்தான் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். வேலை விசாவில் நீட்டிக்கப்பட்ட அனுமதி வேலையோடு ஒட்டிக்கொண்டது. வேலை முடியும் நாளில் அதுவும் முடிகிறது. முத்திரையில் இன்னும் ஏழு மாதம் பாக்கி இருந்தாலும் பயன் இல்லை. 1,900 பாட் கட்டி ஏழு நாள் கேட்டுப் பெறலாம், அவ்வளவுதான். என்னோடு வேலை பார்த்த கேரளத் தோழி ஒருத்தி மாதக் கடைசியில் ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டு, நிதானமாக வேறு பள்ளி தேடலாம் என்று இருந்தாள். பழைய பள்ளி சட்டப்படி தெரிவிக்க வேண்டியதைத் தெரிவித்துவிட்டது. வீட்டைக் காலி செய்யவே அவளுக்கு நேரம் போதவில்லை. அடுத்த வேலையின் கடிதம் கையில் வந்த பிறகு, கடைசி நாளையும் முதல் நாளையும் இரண்டு அலுவலகங்களும் பேசி ஒட்டவைக்கும்படி கேட்ட பிறகு, ராஜினாமா கொடுங்கள்.

வாடகைக்கு வருகிறேன். இரண்டு மாத வாடகை வைப்புத்தொகையாகவும் ஒரு மாதம் முன்பணமாகவும் கேட்பது இங்கே வழக்கம். என் முதல் அறையைக் காலி செய்தபோது, தரையில் இருந்த கீறலுக்காக வைப்புத்தொகையில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கீறல் நான் நுழைந்த நாளிலேயே இருந்தது. நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. இப்போது சாவி வாங்கிய பத்து நிமிடத்துக்குள் சுவர், தரை, மெத்தை, குளியலறைக் குழாய் என்று எல்லாவற்றையும் படமெடுத்து வீட்டுக்காரருக்கே லைன் செயலியில் அனுப்பிவிடுகிறேன். அனுப்பிய தேதியே சாட்சியாகிவிடுகிறது.

மின்சாரத்தைக் கவனிக்காமல் வாடகையை மட்டும் பார்த்து ஏமாந்தவர்களும் உண்டு. அடுக்குமாடியின் உரிமையாளரே மீட்டர் பார்த்து வசூலித்தால், யூனிட்டுக்கு 7 அல்லது 8 பாட் வரை போகும். மின்வாரிய பில் நேரடியாக நம் பெயருக்கோ வீட்டுக்காரர் பெயருக்கோ வரும் கட்டடமாக இருந்தால் ஏறத்தாழ அதில் பாதிதான். பில்லைத் தெருமுனை செவன் இலெவன் கடையில் கட்டிவிடலாம். ஏப்ரலில் ஏசி இல்லாமல் இங்கே தூங்க முடியாது. வாடகை ஆயிரம் பாட் குறைவு என்று போன அறை, கோடையில் அதைவிட அதிகமாக வாங்கிவிடும்.

உடம்பு விஷயத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நிறுவன ஊழியர்களுக்குச் சமூகப் பாதுகாப்புத் திட்டம் உண்டு. தனியார் பள்ளி ஆசிரியர்களுக்குத் தனி நல நிதி. சம்பளத்தில் 3 சதவீதம் பிடிக்கிறார்கள். எது உங்களுக்கு, எந்த மருத்துவமனையில், எந்த ரசீது வேண்டும் என்பதைக் காய்ச்சல் வருவதற்கு முன்பே கேட்டு வையுங்கள். எனக்கு டெங்கு வந்தபோது அருகிலிருந்த தனியார் மருத்துவமனை முதலில் வைப்புத்தொகை கேட்டது. அரசு மருத்துவமனையில் விடியும் முன்பே போய் வரிசை எண் வாங்க வேண்டும், ஆனால் செலவு மிகக் குறைவு. மருத்துவர்களும் நன்றாகப் பார்த்தார்கள். ஆம்புலன்சுக்கு 1669. சுற்றுலாக் காவல்துறைக்கு 1155, ஆங்கிலத்தில் பேசலாம். டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை காற்று கெடும். 2019 ஜனவரி 30 அன்று பாங்காக் பள்ளிகளையே மூடினார்கள். சாதாரணத் துணி முகமூடி அந்த நுண்துகளுக்குப் போதாது; என்95 வேண்டும்.

மொழியை நான் தாமதமாகத்தான் கற்றேன். அது எனக்கு வருத்தம். தமிழ் தெரிந்தவர்களுக்குத் தாய்லாந்து மொழியில் பாதி வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நேரம் என்பதற்கு வேலா, நம்முடைய வேளை. உணவுக்கு ஆஹான், ஆகாரம். மொழிக்குப் பாசா. வானிலைக்கும் காற்றுக்கும் ஆகாத், ஆகாசம். வங்கி தனாகான். வண்டிக்கு ரொட், அதாவது ரதம். வடமொழியிலிருந்து நமக்கு வந்ததைப் போலவே அவர்களுக்கும் வந்தவை. கடினமானது ஒலியின் ஏற்ற இறக்கம்தான். 'மா' என்பதை ஒரு சுரத்தில் சொன்னால் வா, இன்னொன்றில் குதிரை, மற்றொன்றில் நாய். காதால்தான் கற்க வேண்டும். ஆங்கில எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்தால் வராது.

ஆசிரியருக்கு இங்கே க்ரூ என்று பெயர், குருவேதான். ஜூன் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை பள்ளிகளில் வாய் க்ரூ என்ற ஆசிரியர் வணக்க நாள் நடக்கும். முதல் ஆண்டு, பிள்ளைகள் முழங்காலில் நகர்ந்து வந்து என் முன்னால் தட்டை நீட்டியபோது உள்ளே பார்த்தேன். நம் வீட்டு வேலியோரம் பூக்கும் இட்லிப்பூ, பிள்ளையாருக்குச் சாத்தும் அறுகம்புல், கத்திரிப்பூ. இட்லிப்பூவுக்கு இங்கே ஊசிப்பூ என்று பெயர். ஊசிபோல் கூர்மையான புத்திக்கு. அறுகு மாதிரி அறிவு படர வேண்டும் என்று புல். கத்திரிப்பூ தலை குனிந்திருப்பதால் பணிவுக்கு. பத்து வயதுப் பையன் ஒருவன் இதையெல்லாம் எனக்கு விளக்கினான். ஊரைவிட்டு வந்து ஒரு மாதமே ஆகியிருந்த எனக்கு அன்று தொண்டை அடைத்துக்கொண்டது.

எதிர்மாறான அனுபவமும் உண்டு. இந்தியர்களை இங்கே 'கேக்' என்பார்கள். பஸ்ஸில் என்னைப் பார்த்து அந்தச் சொல்லைக் கிசுகிசுத்தபோது கூசிப் போயிருக்கிறேன். சில வாயில் அது இழிவாகவே வருகிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சொல்லின் முதல் பொருள் விருந்தாளி. சீலோம் சாலையும் பான் சாலையும் சந்திக்கும் இடத்தில், 19ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த தமிழர்கள் கட்டிய மகா மாரியம்மன் கோயிலுக்கு ஊரார் வைத்த பெயரே வாட் கேக்தான். வெள்ளிக்கிழமை மாலையில் போய்ப் பாருங்கள். சன்னதியில் தேங்காயும் சாமந்தி மாலையும் ஏந்தி நிற்பவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்கள். தீபாராதனை முடிந்து குங்குமம் வாங்கும்போது, அந்த ஊரில் நான் யாருக்கும் அந்நியமாகத் தெரிவதில்லை. தனியாக வந்து சேர்கிறவர்கள், முதல் மாதத்தில் ஒருமுறையாவது சுரசக் ரயில் நிலையத்தில் இறங்கி அங்கே நடந்து போங்கள். வீடு, வேலை, மளிகை என்று எல்லாவற்றுக்கும் விசாரிக்க ஆள் கிடைக்கும்.

நான் மீனும் இறைச்சியும் உண்பதில்லை. இங்கே "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் போதாது. மீன் சாறும் இறால் விழுதும் உப்பைப் போல எல்லாவற்றிலும் இருக்கின்றன. மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்தில் 'ஜே' என்று எழுதிய கடையாக இருந்தால் முழுச் சைவம். மற்ற கடைகளில் "மை சை நாம் ப்லா, மை சை குங்" என்று சொல்ல வேண்டும். மீன் சாறு போடாதீர்கள், இறால் போடாதீர்கள். எங்கள் தெருமுனையில் பப்பாளிக்காயில் சோம் தாம் என்ற சாலட் இடிக்கும் ஒரு பெண்மணி இருக்கிறார், வடகிழக்கே ஈசான் பகுதியிலிருந்து வந்தவர். நான் அவரை 'பா' என்று கூப்பிடுவேன், பெரியம்மா மாதிரி. முன்பின் தெரியாதவரையும் அக்கா, மாமா, பெரியம்மா என்று உறவு வைத்தே கூப்பிடும் ஊர் இது. முதல் நாள் நான் கேட்டதும் அவர் நம்ப முடியாமல் உரலைப் பார்த்தார். பிறகு குடத்துத் தண்ணீரில் மண் உரலைக் கழுவி, கவிழ்த்துத் தட்டி, பூண்டையும் மிளகாயையும் புதிதாகப் போட்டார். இரண்டு இடி, கரண்டியால் ஒரு புரட்டு, மறுபடி இரண்டு இடி. உப்பும் எலுமிச்சையும் பனைவெல்லமும் சேர்த்து, கரண்டி நுனியில் எடுத்து என்னிடம் நீட்டி, சரியா என்று கண்ணால் கேட்டார். அதற்குப் பிறகு நான் சொல்ல வேண்டியதே இருக்கவில்லை. என்னைத் தூரத்தில் பார்த்தாலே உரலைக் கழுவத் தொடங்கிவிடுவார்.

2018க்குப் பிறகு நீல நிறக் கோப்பு ஒன்று வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட், பணி அனுமதி, வீட்டு ஒப்பந்தம், வீட்டுக்காரர் கொடுத்த அறிவிப்பு ரசீது, 90 நாள் சீட்டு, சான்றிதழ்கள், அப்பாவின் இறப்புச் சான்றிதழின் நகல்கூட அதில் இருக்கின்றன. ஊருக்குப் போனாலும் தீவுக்குப் போனாலும் அது என்னோடு வரும்.

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றேகால் மணி இருக்கும். பள்ளி விடுமுறை. பதினோராவது மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். தலை சுற்றுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பால்கனிக் கதவு தானாக நகர்ந்தது, கூரை விளக்கு ஊசலாடியது, சுவருக்குள் ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. மியான்மரில் வந்த 7.7 அளவு நிலநடுக்கம் ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி பாங்காக்கை ஆட்டியது. கதவைத் திறந்து படிக்கட்டில் ஓடினேன். வெறுங்காலோடு தெருவில் வந்து நின்ற பிறகுதான் கோப்பு மேலேயே இருப்பது நினைவுக்கு வந்தது.

பாங்காக்கின் சாதுசாக் பகுதியில் கட்டிக்கொண்டிருந்த அரசுக் கணக்குத் தணிக்கை அலுவலகம் இடிந்து விழுந்த படங்கள் எல்லோர் போனிலும் வந்துகொண்டிருந்தன. ரயில்கள் நின்றுவிட்டன. பொறியாளர் வந்து பார்க்கும் வரை யாரும் மேலே போகக் கூடாது என்று எங்கள் கட்டடக் காவலர் கயிறு கட்டிவிட்டார். அந்தக் கூட்டத்தில் நின்றபடி போனைத் திறந்து பார்த்தேன். கோப்பில் இருந்த ஒவ்வொரு தாளையும் அதற்கு முந்தைய ஆண்டே படமெடுத்து மின்னஞ்சலிலும் போட்டு வைத்திருந்தேன், எல்லாம் இருந்தன. மூச்சு கொஞ்சம் சீரானது. அதே படங்களை அண்ணனுக்கும் அனுப்பினேன். அம்மா பயந்துபோய் அழைத்தார். நன்றாக இருக்கிறேன் என்று சொல்லி முடிப்பதற்குள் தொடர்பு அறுந்தது.

தெருமுனையில் பா தன் வண்டியை மூடவில்லை. என் காலைப் பார்த்தார். தன் செருப்பைக் கழற்றி என் பக்கம் தள்ளிவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். "கின் காவ் ரூ யங்?" என்று கேட்டார். சாப்பிட்டாயா என்று அர்த்தம். இல்லை என்று தலையாட்டினேன். அவர் திரும்பி, குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு, உரலைக் கழுவத் தொடங்கினார்.